ஒரு கிலோ காப்பர்

எனக்குக் கை முந்திக்கொள்ளும். யோசனை பிறகுதான் வரும். வில்லியனூரிலிருந்து திருவாண்டார்கோயில் பக்கத்து ஒயர் கம்பெனிக்கு பைக்கில் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரையாவது திட்டியிருப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கூட வேலை செய்தவரை அடித்தே விட்டேன்.

கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காப்பர் விலை தினமும் மாறும். பர்ச்சேஸில் ஒரு ஆர்டர் ஏறியதும், விலை ஏற்ற இறக்கத்துக்கு ஆளாகி நிற்கும் அந்த எடை தானாகவே, கம்பெனியின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் ட்ரெஷரி பிரிவின் திரைக்குப் போக வேண்டும். எக்ஸ்போஷர் என்பார்கள். அதைப் பார்த்துத்தான் ட்ரெஷரிக்காரர்கள் சந்தையில் விலையை அன்றைய அளவிலேயே பூட்டி வைப்பார்கள். பார்க்கத் தவறினால், ஏறுகிற விலை மொத்தமும் கம்பெனி தலையில்.

அன்று காலை விலை எகிறியது. நாற்பது டன் ஆர்டர் ட்ரெஷரி திரையில் இல்லவே இல்லை. முதலாளி உதைத்த உதையில் பர்ச்சேஸ் ரூமின் கண்ணாடிக் கதவு விரிசல் விட்டது. உள்ளே வந்தவர் கிளார்க்கின் காலரைப் பிடித்துச் சுவரில் சாத்தினார். கிளார்க் பாகூர்க்காரர், என் வயதுதான், இரண்டு பெண் பிள்ளைகள்.

"இன்னாடா பண்ண என் நாப்பது டன்ன?"

"போட்டுட்டேன் மொதலாளி. நல்ல நேரம் பாத்துதான் போட்டேன்."

மேசையிலிருந்த ஸ்டேப்ளர் பறந்துபோய் கிளார்க்கின் தோளில் பட்டுத் தெறித்தது. பிறகு முதலாளியின் கண் அங்கேயிருந்த என் மேல் நின்றது. கிளார்க்கும் என்னைப் பார்த்து, "சார், நான் கரெக்டாதான் போட்டேன். உங்க சிஸ்டம்தான் அனுப்பல" என்றார்.

"யாரப் பாத்துடா சொல்ற?" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. அறைந்தது அதற்கு முன்பா, பின்பா, தெரியவில்லை. இடது காதோடு சேர்த்து விழுந்தது. அவர் ஃபைல் பீரோவில் மோதிச் சரிந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி என்னைத் தாண்டிப் போய்விட்டது.

"வூட்டுக்குப் போடா. இனிமே இந்தப் பக்கம் வந்த, கால ஒடிச்சிடுவேன்" என்றார் முதலாளி. காதைப் பொத்திக்கொண்டு கிளார்க் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகுதான் அந்த ஆர்டரைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில், ஒரு கிலோ. திங்கட்கிழமை அதே ஆர்டரில் எடையை நாற்பதாயிரம் கிலோவாக மாற்றியிருந்தார். இது முதலாளியே வைத்த வழக்கம். சப்ளையரிடம் எடை முடிவாகாவிட்டாலும், நல்ல நேரம் தவறக் கூடாது. ஒரு கிலோவுக்குப் போட்டுவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு கிலோக்கள் தங்கள் திரையில் வந்து விழுவதைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன்பு ட்ரெஷரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நூறு கிலோவுக்குக் கீழே எதுவும் போகக் கூடாது என்று ஒரு தடுப்பு வைத்தேன். புது ஆர்டர் ஏறும்போது ஒரு தரம் தடுத்துவிட்டால், பிற்பாடு எடை எவ்வளவு கூடினாலும் அந்தத் தடுப்பு மறுபடி திரும்பிப் பார்க்காது. அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. தடுப்பு வைத்த பின் வந்த முதல் பெரிய ஆர்டர் இதுதான்.

தடுப்பை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். நாற்பது டன்னும் சமர்த்தாக ட்ரெஷரியில் போய் நின்றது. மேசையில் ஓங்கிக் குத்தினேன், விரல் வீங்கிவிட்டது. முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உதை விழும், வேலையும் போகும் என்றுதான் நின்றேன். அவர் கணினியை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரி பண்ணிட்ட இல்ல? அவன வரச் சொல்லு."

எனக்கு அவ்வளவுதான் தண்டனை. சிஸ்டம் தெரிந்தவன் மேல் கை வைக்க மாட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் பாகூருக்குப் போனேன். கிளார்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், காதில் பஞ்சு. உள்ளே பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில், தப்பு என்னுடையது என்பதையும் அறைந்ததற்கு மன்னிப்பையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் எழுந்தார். பிறகு ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கமா வந்து சத்தமா சொல்லுங்க சார். அந்தக் காது கேக்கல."

உள்ளே படிக்கிற சத்தம் நின்றது. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.