முறிகண்டியில் நின்ற வான்

மெல்பேர்ணில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோதுதான் அந்தக் கதை என் காதில் விழுந்தது. சொன்னவர் எங்கள் ஊர்க்காரர் அடைக்கலநாதன். அவருக்குச் சொன்னது பாரிசில் இருக்கும் மருமகன்.

"உம்மடை சித்தியின்ரை பெடியன், கார் ரேஸ் ஓடுற வாகீசன், பொலிசுக்கு நல்லாத் தண்ணி காட்டினவனாம். கஞ்சாவோடை ஆனையிறவிலை வெளிக்கிட்டு மாங்குளம் தாண்டியும் பிடிக்கேலாமப் போச்சாம். ரயர் வெடிச்சுத்தான் அம்பிட்டவனாம்."

"ஆர் சொன்னது?"

"ஊரே கதைக்குது. சொந்தக்காரன் உமக்குத் தெரியாதே?"

அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தட்டைப் பாதியில் வைத்துவிட்டு வெளிக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அளவெட்டியில் இருக்கும் அவனுடைய அக்கா உதயகலாவை அழைத்தேன்.

"ஓடினவனோ? நிண்டவன் அண்ணை. முறிகண்டியிலை நிண்டவன்."

கண்டி வீதியால் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவதில்லை. ஆரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். வாகீசனைத் துரத்திப் பிடிக்க ஏலாது என்று பொலிசுக்கும் தெரியும். துரத்தத் தேவையில்லை என்றும் தெரியும். சாரம் கட்டிய இரண்டு பொலிஸ்காரர் கோயிலடியில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் வானை ஓரங்கட்டி, கால் கழுவி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசித் திரும்பியபோது ஒருவர் கையை நீட்டினார். "தம்பி, வான் திறப்பைத் தாங்கோ."

"நிக்காமப் போயிருக்கலாமேயெண்டு மறியலிலை கம்பிக்கு இங்காலை நிண்டு கேட்டன்," என்றாள் உதயகலா. "நிக்காமப் போய் எங்கையும் அடிபட்டால் என்ன செய்யிறதெண்டு என்னைத் திருப்பிக் கேக்கிறான்."

வாகீசன் வெங்காயத் தோட்டத்து உழவு இயந்திரத்தில் ஓடப் பழகியவன். பிறகு மருதனார்மடத்தில் சின்னதாக ஒரு கராஜ் போட்டான். சண்டை முடிந்து பாதை திறந்தபின் தெற்கே போய் மண்பாதைக் கார்ப் போட்டி ஒன்றைப் பார்த்து வந்தவன், பழைய யப்பான் கார் ஒன்றை வாங்கி அதன் ஆசனங்களைக் கழற்றி எறிந்தான். முதல் போட்டியில் கடைசி. அடுத்த வருடம் மூன்றாமிடம். அங்குள்ளவர்கள் அவன் பெயரைக் கேட்டு வைத்திருக்கவில்லை. "யாழ்ப்பாணம்" என்றே கூப்பிட்டார்கள். அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது.

ஒரு போட்டி முடியும்போது நாலு ரயரும் முடிந்துவிடும். உதவி கேட்டுப் பட்டணத்து நகைக்கடை ஒன்றுக்குப் போனான். முதலாளி தேத்தண்ணி கொடுத்து, "தேருக்கெண்டால் தரலாம் தம்பி, காருக்கு என்னத்துக்கு?" என்றாராம். அந்த மாதமே கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருவர் பிறேக் திருத்த ஒரு வானைக் கொண்டுவந்தார். திருத்திய வானை வவுனியாவில் விட்டுவர ஏலுமோ என்று கேட்டார். ஒருமுறை போய்வந்தால் நாலு புது ரயர். வானுக்குள் என்ன இருக்கிறது என்று முதல்முறை கேட்கவில்லை. இரண்டாம்முறை கேட்கத் தேவையிருக்கவில்லை.

உதயகலாவுக்கு விசயம் தெரியவந்தபோது அவன் சொன்னது ஒன்றுதான். "நான் கஞ்சா விக்கேல்லை அக்கா. ரயர் வாங்கிறன்."

பல மாதம் விளக்கமறியல் சிறையில் கிடந்தான். பிணைக்கு அரசாங்க உத்தியோகத்தர் வேண்டும் என்றார்கள். பிரதேச செயலகத்தில் வேலைசெய்யும் உதயகலா கையெழுத்து வைத்தாள். ஒரு வழக்குத் தவணைக்கு அவன் போகாவிட்டாலும் நீதிமன்றம் அவளைத்தான் கேட்கும். வேலையும் ஆடும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். தவறாமல் போய்வந்தான், போன தவணைவரைக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. கிளிநொச்சியில் தவணை. நாளை தெற்கே போட்டி. இன்று பின்னேரம் காரைப் பரிசோதனைக்குக் காட்டாதவன் நாளை ஓட முடியாது. நான் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கும்போது உதயகலாவிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அண்ணை, கராஜ் வெறுமையாக் கிடக்கு. காரை லொறியிலை ஏத்திக்கொண்டு போயிட்டான்."

"கோட்டுக்குப் போயிட்டு அப்பிடியே போகப்போறானோ தெரியாதே?"

"கோட்டிலை கூப்பிட மத்தியானமாகும். பிறகு எப்பிடிப் பின்னேரத்துக்கு அங்கை போய்ச் சேருவான்? உங்களுக்கு விளங்காதே?"

எனக்கு விளங்கியது.

"கிளிநொச்சிக்குள்ளாலைதான் அண்ணை லொறி போகவேணும். இன்னும் தாண்டியிராது. இறங்கச் சொல்லுங்கோ. லொறி போகட்டும், அவன் இறங்கினால் காணும்."

"நீ சொல்லிக் கேளாதவன் நான் சொல்லியோ கேக்கப்போறான்?"

"என்ரை போனை எடுக்கிறானில்லை. வெளிநாட்டு நம்பரெண்டால் எடுப்பான். காசு போட ஆரோ கூப்பிடினமெண்டு நினைப்பான். அதை நினைச்செண்டாலும் எடுக்கட்டும்."

அவள் வைத்துவிட்டாள். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வெளியே கார் தரிப்பிடத்துக்கு வந்தேன். என்ன சொல்வதென்று யோசித்தேன். ரயருக்கு நான் காசு தருகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் இறங்குவானா, அல்லது நன்றி சொல்லிவிட்டு இன்னும் வேகமாகப் போகச் சொல்லுவானா?

இலக்கத்தை அழுத்தினேன். மணி போனது. முழுதாகப் போய்த் தானாக நின்றது. திரும்ப அழுத்தினேன். இதற்குள் கிளிநொச்சிக்கு முன்னாலுள்ள பரந்தனைத் தாண்டியிருக்கலாம். மணி போய்க்கொண்டே இருக்கிறது.