பன்னிரண்டு கட்டில், ஒரே மணி

மலேசியாவில், மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆபீசில் இருபது வருடம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து லைன் கொடுத்தவள் செலஸ்டின். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, 1984இல், சுங்கைப் பட்டாணியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே தனி ரூம்காரர்களுக்கு ஆளுக்கொரு மணி, மணிக்கொரு விளக்கு. பொது வார்டின் பன்னிரண்டு கட்டிலிலும் பொத்தான் இருந்தது. எதை அழுத்தினாலும் ஆயா அறையில் அடிப்பது ஒரே மணிதான்.

ஒரு நாள் காலை முழுக்க மூன்றாம் கட்டில் மருதம்மாள், மணி அடித்தும் ஆள் வராமல், நனைந்த படுக்கையிலேயே கிடந்தாள். செலஸ்டின் கேட்டதற்கு, "மணி அடிச்சது யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார் மேனேஜர் கிளாரன்ஸ்.

செலஸ்டினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் நாலு பங்களாவுக்கும் ஒரே டெலிபோன் கம்பிதான். எத்தனை தரம் மணி அடிக்கிறதோ, அதை வைத்து எந்த வீட்டுக்கு என்று தெரிந்துவிடும். அன்றைக்கே வார்டுக்குச் சட்டம் போட்டாள்.

"கட்டில் நம்பர் எத்தனையோ அத்தனை தரம் அழுத்துங்க. ஒருத்தர் அடிச்சு முடிக்கிற வரைக்கும் அடுத்தவங்க பொறுங்க."

மூன்றாம் நாள் கிளாரன்ஸ் பாய்ந்து வந்தார். "என்ன இரைச்சல் இது? தனி ரூம்காரங்க கம்ப்ளேன் பண்றாங்க லா. இனிமே இந்த வார்டுல யாரும் மணியத் தொடக் கூடாது!"

"அப்ப அவங்க மணியையும் சேத்துக் கழட்டு, தம்பி."

அவர் முகத்தைப் பார்த்தபடியே செலஸ்டின் தன் பொத்தானை ஏழு தரம் அழுத்தினாள்.

"ஏழாம் கட்டில். இப்பத் தெரியுதா யாருன்னு?"

கிளாரன்ஸ் வாயைத் திறக்குமுன் மணி மறுபடியும் அடித்தது. அதுவரை பொறுத்திருந்த மருதம்மாள், நிதானமாக, மூன்று தரம் அழுத்தினாள்.