மேடையில் எனக்கு விழுந்த கம்பளிகள்

போன வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சியில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலக்கிய மாலைக்குப் பேசப் போயிருந்தேன். அன்றைக்கு மேடையில் ஆரம்பித்த குழப்பம் மறுநாள் கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் என்னை விடவில்லை.

நான் திருக்கோவிலூர்க்காரி. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அது பிழைப்பு. பேச்சு எனக்குப் பைத்தியம். சின்ன வயதில் எந்த மேடையிலும் என்னை ஏற்றவில்லை, அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வதைப் போல இப்போது யார் கூப்பிட்டாலும் பஸ் ஏறிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் முன்பு போல இல்லை, வாரம் தவறாமல் ஏதாவது கூட்டம் நடக்கிறது. ஒரு வாரம் புத்தக விமர்சனம், அடுத்த வாரம் கண் தானம் பற்றிப் பேச்சு, அதற்கடுத்த வாரம் யாருடைய ஆபரேஷனுக்கோ உதவி கேட்டுப் பாட்டுக் கச்சேரி. என் போனைத் திறந்தால் அழைப்பிதழ்கள்தான் வரிசையாக நிற்கும்.

இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டது அந்த ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவரும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். எனக்கு அவரை முன்னே பின்னே தெரியாது. போனில் சுருக்கமாகப் பேசினார்.

"தலைப்பு உங்க இஷ்டம்மா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசுங்க. ஜாஸ்தி பேசுனா எங்களுக்கு ஜாஸ்தி சந்தோசம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. 'வீட்டில் மனம் விட்டுப் பேசுவோம்' என்று தலைப்பு கொடுத்தேன். மனதில் இருப்பதைக் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவதால்தான் குடும்பங்களில் பாதிச் சண்டை வருகிறது என்பது என் கட்சி. மிஷினில் உட்கார்ந்தபடியே ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன்.

அன்றைக்கு என்று பார்த்து, தியாகதுருகம் தாண்டியதும் பஸ் பஞ்சர். மண்டபத்துக்குள் நுழையும்போது வரவேற்புரை முடிந்துவிட்டிருந்தது. வாசலில் ஒரு மேஜையில் கம்பளிப் போர்வைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். இலக்கியக் கூட்டத்தில் புத்தகம் விற்பதைப் பார்த்திருக்கிறேன், போர்வை விற்பதைப் பார்த்ததில்லை. பாய் கெட்டிக்காரர்தான், கூட்டத்தோடு கூட்டமாகக் கடையையும் விரித்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள், "வாங்கம்மா, வாங்கம்மா, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க" என்று என்னை நேரே மேடைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நல்ல கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கில் தெம்பு வந்துவிடும். ஆரம்பித்தேன். மாமியாருக்குக் காபி பிடிக்குமா டீ பிடிக்குமா என்று கேட்காமலேயே வருடக்கணக்காகக் காபி போட்டுக் கொடுத்த மருமகள் கதையைச் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கையில் பழுப்பு நிறக் கம்பளி. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு ஏறி வந்து அதை என் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய ஆசிரியர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "அம்மாவின் பேச்சைப் பாராட்டி, மளிகைக் கடை ஐயா அவர்களின் அன்பளிப்பு!" என்றார். கைதட்டல்.

எங்கள் பக்கம் தெருக்கூத்தில் இது உண்டு. ஆட்டத்தின் நடுவிலேயே எழுந்து போய் வேஷக்காரருக்கு அன்பளிப்புக் கொடுப்பார்கள், பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். ஆனால் இலக்கிய மேடையில் பேச்சை நிறுத்திவிட்டு இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. செய்ததுதான் செய்தார்கள், ஒரு சால்வை போடக் கூடாதா? ஆஸ்பத்திரியில் படுக்கிறவருக்குப் போர்த்துகிற மாதிரி கம்பளியா?

சரி, அந்தப் பெரியவர் ஏதோ பிரியத்தில் செய்திருக்கிறார் என்று தொடர்ந்தேன். அடுத்த கதையைத் தொடுவதற்குள் ஒரு அம்மா இன்னொரு கம்பளியோடு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இளைஞர். அப்புறம் கணவன் மனைவியாக ஒரு ஜோடி. ஒவ்வொரு முறையும் மைக் கை மாறியது, கைதட்டல் எழுந்தது. எடுத்து நாற்காலியில் வைக்கலாம் என்றால் வைக்க விடவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்தினார்கள். உள்ளே எனக்கு வியர்த்துக் கொட்டியது. கழுத்துக்குக் கீழே நான் என்ன புடவை கட்டியிருக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாத நிலைமை.

பேச்சு வாயில் இருந்தாலும் மனம் வேறு எங்கோ ஓடியது. இது என்ன கூத்து? ரவிக்கை எங்காவது கிழிந்திருக்கிறதா, அதை மறைக்கத்தான் போர்த்துகிறார்களா? இல்லை, உன் பேச்சுக்குத் தூக்கம்தான் வருகிறது, போய்ப் போர்த்திக்கொண்டு படு என்று ஜாடையாகச் சொல்கிறார்களா? முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஏதோ கிசுகிசுத்தார்கள். வாசல் மேஜையில் புதிதாக நாலு பேர் போர்வை எடுப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. ஆசிரியர் உற்சாகத்தில், "இதோ, அம்மாவுக்கு இன்னொரு கம்பளி!" என்று கத்தினார். மண்டபமே ஆர்ப்பரித்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி செய்யத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்தில் நிற்கிற ஆசிரியரிடம் குனிந்து, "ஏன் சார் கம்பளி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மேடையில் நிற்கிற நான், எனக்குத் தெரியவில்லை என்று எப்படிக் காட்டிக்கொள்வது? மனம் விட்டுக் கேளுங்கள் என்று அவ்வளவு நேரமாக ஊருக்கு உபதேசம் செய்த வாய் இறுகிப்போனது. "நேரமின்மை காரணமாக இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்று பட்டென்று உட்கார்ந்துவிட்டேன். தயாரித்துப் போனதில் கால்வாசி கூடப் பேசவில்லை.

மேடைப் படியில் கம்பளியோடு ஏறிக்கொண்டிருந்த ஒருவர், என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கினார். அவர் அதைத் திரும்பவும் மேஜையில் கொண்டுபோய் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நன்றியுரை சொல்லி முடித்துவிட்டார்கள்.

எனக்குப் போர்த்தியதையெல்லாம் இரண்டு பெரிய மூட்டையாகக் கட்டினார்கள். கோபம் இருந்தாலும் கவலை வேறு சேர்ந்துகொண்டது. இதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பஸ்ஸில் ஏறுவது? பாயிடம், "இவ்வளவையும் நான் எப்படிங்க எடுத்துக்கிட்டுப் போறது?" என்று கேட்டேன்.

"நீங்க ஏம்மா தூக்கறீங்க? வேன்ல ஏத்திடறோம். காலைல வண்டி வரும், நீங்களும் அதிலயே வந்துடுங்க" என்றார்.

கேலியும் செய்துவிட்டு வேன் வைத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்களே, இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புரியாமலேயே தலையாட்டிவிட்டு, அந்த ஊரிலேயே இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கூட்டத்துல பேசினதுக்குக் கம்பளியா? இன்னாடி இது, கேள்விப்பட்டதே இல்ல! சரி, வூட்டுக்கு எடுத்துக்கினு போய் நீ இன்னா பண்ணப் போற? பச்சை கலர் இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வையி."

எடுத்து வைப்பதாக ஒப்புக்கொண்டேன். படுத்துக்கொண்டே மற்றதையெல்லாம் நாத்தனாருக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று என்று மனதுக்குள் பங்கு வேறு போட்டேன்.

காலையில் அக்கா வீட்டு வாசலுக்கே வேன் வந்தது. முன்னால் டிரைவரும் பாயும், பின்னால் நானும் மூட்டைகளும். நான் மரியாதைக்காக, "தியாகதுருகம் வழியா போயிட்டா சீக்கிரம் போயிடலாம்" என்றேன். வண்டிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது. ஊர் எல்லை தாண்டி வண்டி கச்சிராயபாளையம் ரோட்டில் போக ஆரம்பித்தது.

"ஏங்க, திருக்கோவிலூருக்கு இப்படியா போவாங்க?"

பாய் திரும்பிப் பார்த்தார். "திருக்கோவிலூரா? நாம மலைக்குப் போறோம்மா."

"மலைக்கு எதுக்குங்க?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? கம்பளி குடுக்கத்தான்!"

நான் முழித்த முழியைப் பார்த்து அவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். "உங்களுக்கு யாரும் சொல்லலியாம்மா?"

அப்புறம்தான் சொன்னார். கல்வராயன் மலை மேலே ஒரு சின்ன விடுதியில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். மலைக் குளிரில் தரையில்தான் படுக்கை. உண்டியல் குலுக்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்களாம். பாய் கடையிலிருந்து கம்பளியை அசல் விலைக்கே கொண்டுவந்து வாசலில் வைப்பார். பேச்சு பிடித்துப்போனவர்கள் அங்கேயே ஒன்று வாங்கி, பேசுகிறவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போர்த்த வேண்டும். அத்தனையும் மறுநாள் மலைக்குப் போகும். வரவேற்புரையில் விவரமாகச் சொல்லிவிட்டார்களாம். அப்போது நான் பஞ்சரான பஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியர் எனக்குச் சொல்லியிருப்பார் என்று பாயும், பாய் சொல்லியிருப்பார் என்று ஆசிரியரும் இருந்துவிட்டார்கள்.

"அப்ப நேத்து பாதியில நிறுத்தினது இதனாலதானா? அம்மாவுக்கு உடம்பு முடியல போலிருக்கு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நாங்களும் கம்முனு இருந்துட்டோம்" என்றார் பாய். அவர் குரலில் துளிக்கூடக் குறை இல்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்காவுக்குப் பச்சைக் கம்பளி எடுத்து வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது.

கோமுகி அணை தாண்டி வளைவு வளைவாக ஏறினோம். விடுதிக்குப் போகும்போது நன்றாக வெயில் வந்துவிட்டிருந்தது, ஆனாலும் சிமென்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சில்லிப்பு. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பேசியவர் கையால்தான் கொடுக்க வேண்டுமாம், அதுவும் வழக்கம். கொடுத்தேன். பச்சைக் கம்பளியை ஒரு வாண்டு வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு ஓடியது.

சின்னப் பிள்ளைகள் முடிந்து பெரிய பிள்ளைகள் வரிசை வந்தது. பாதி வரிசையிலேயே மூட்டை காலியாகிவிட்டது. மீதிப் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். வார்டன் அம்மா ஒரு கணம் பாயைப் பார்த்தார். பிறகு, "பெரியவங்க ரெண்டு ரெண்டு பேரா சேந்து படுத்துக்குங்கடி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. பழகியிருக்கிறார்கள்.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி, எட்டாம் வகுப்பு இருக்கும், என்னிடம் வந்தாள்.

"நீங்க பேசப் பேசத்தான் கம்பளி குடுப்பாங்களாமேம்மா?"

"ஆமாண்டா கண்ணு."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாமில்ல?"

குற்றம் சொல்லவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மனதில் வந்ததை அப்படியே ஒருத்தரிடம் கேட்க அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இறங்கி வரும்போது வேனில் வாய்விட்டு அழுதேன். பாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடுத்த கூட்டத்தில் நானே பேசுகிறேன் என்று அப்போதே அவரிடம் கேட்டு வாங்கினேன். மழை, பிள்ளைகளின் அரையாண்டுப் பரீட்சை என்று அது தள்ளிப் போய்த் தை மாதம்தான் நடந்தது. அன்று வாசல் மேஜை காலியாகும்வரை நான் பேச்சை நிறுத்தவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. பெரிய பிள்ளைகள் எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் அதற்குள் மார்கழி போய்விட்டிருந்தது.

இப்போதெல்லாம் எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் மேடையா, வீடா, கல்யாண வீடா என்று பார்ப்பதில்லை, உடனே கேட்டுவிடுகிறேன். என் கௌரவம் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டதற்கு, அந்த மலையில் ஒரு பெண் ஒரு மார்கழி முழுக்க அரைக் கம்பளியில் படுத்திருந்தாள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.