ஐந்தாம் மாதம்

என் அக்கா வாழ்க்கைப்பட்டது பூதலூர்ப் பக்கம். அந்த வீட்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். வயிற்றில் நீர் கோத்திருந்தது. தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பேத்தி கல்யாணம் முடியட்டும். கேன்சர்னு தெரிஞ்சா, பரம்பரை வியாதி உள்ள வீடுன்னு சம்பந்தி ஒதுங்கிடுவாங்க."

பேத்தி என்றது அக்காவின் கொழுந்தன் மகளை. வேறு வீட்டிலிருந்து வந்த மருமகளின் நோய் அந்தப் பெண்ணுக்கு எந்த வழியில் போகும்? கேட்டேன். "நீ படிச்சவ, ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். மஸ்கட்டிலிருந்த அக்காவின் புருஷன், "அம்மா சொல்றதக் கேளு" என்று போனை வைத்துவிட்டார். த்தூ!

எனக்கு வேலை சென்னையில், ஓர் ஆய்வுக்கூடத்தில். இதே நோயில், புரதம் எதையும் உருவாக்காத ஆர்.என்.ஏ.க்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கிறோம். ஒரு காலத்தில் படித்தவர்களே அவற்றைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தார்கள். எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. சில, புற்று பரவத் துணைபோகின்றன. சில தடுக்கின்றன. பிள்ளை பெறாத என் அக்காவை அந்த வீட்டில் மலடி என்றார்கள். நடவு ஆட்களுக்குச் சோறு பொங்குவதிலிருந்து மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுப்பதுவரை அந்த மலடிதான் பார்த்தாள்.

நான் சண்டை போட்டேன். "விடுடி, கல்யாணம் வரைக்கும்தானே" என்று அக்காவே என் வாயை அடைத்தாள்.

கல்யாணத்துக்குள் வயிறு இன்னும் பெருத்துவிட்டது. பட்டுப்புடவையைத் தளர்த்திக் கட்டி, மண்டபத்தின் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டம்மா ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், அக்காவின் வயிற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"விசேஷமா? எத்தன மாசம்ங்க?"

மாமியார் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அஞ்சு முடியப் போவுதுங்க. சாமி இப்பத்தான் கண்ணத் தொறந்துச்சு."

அந்தம்மா அக்காவின் கன்னத்தில் சந்தனம் பூசினார். தன் தலைப்பூவில் கொஞ்சம் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டார். சுற்றியிருந்த பெண்கள் வாழ்த்தினார்கள். மாமியார் சிரித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் குத்திக் குத்திப் பேசிய அதே வாய்.

தாலி கட்டுவதற்கு முன்பே அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு வாடகைக் காரில் ஏற்றினேன். "சபையில மானத்த வாங்குறியே!" என்று மாமியார் பின்னாலேயே வந்தார்.

"உங்க மானம் நாறுதுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்த வீட்டைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்காவின் கன்னத்துச் சந்தனத்தைத் துடைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும்டி. அந்தம்மா பூ வெச்சப்ப, ஒரு நிமிஷம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."