உப்புத் தண்ணீர் படாத மிஷின்

எங்கள் கரையில் புது எஞ்சின் கடலில் இறங்கினால், அன்றைக்கே அதன் விலையில் கால்வாசி போய்விட்டதாகத்தான் கணக்கு. உப்புத் தண்ணீர் பட்டுவிட்டதே! பழைய எஞ்சினுக்கு விலை பேச வருகிறவர்கள் முதலில் அந்தக் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். கடற்கரையில் பிறந்து கடற்கரையிலேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதனால்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தனித்தேர்வில் கோட்டை விட்டேன்.

பிள்ளையார்குப்பம் பக்கம் ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடும் வேலைக்கு ஆசைப்பட்டேன். பன்னிரண்டாவது பாஸ் கேட்டார்கள். பரீட்சை எழுதப் போனால், தேய்மானக் கணக்கு, அதுவும் படகு எஞ்சினை வைத்து! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டுதோறும் ஒரே அளவு விலை குறைகிறது என்று கேள்வியில் தெளிவாக இருந்தது. நான் பாட்டுக்கு உப்புத் தண்ணீருக்கென்று முதலிலேயே கால்வாசியைக் கழித்துவைத்தேன். மூன்று மதிப்பெண்ணில் பாஸ் போயிற்று.

பரீட்சைக்காக நான் போன பாகூர் டியூஷனில் என் பிள்ளை வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "வுடு, நம்பளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இன்னும் ஒரே தடவை எழுதுகிறேன், அதிலும் போனால் மீன் கூடையோடு நின்றுகொள்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த பரீட்சையிலும் அதே தேய்மானம். இந்த முறை ஏதோ ஒரு மிஷின். ஆண்டுதோறும் ஒரே அளவு விலை குறைகிறது. இரண்டு வருடம் கழித்து அதன் மதிப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம், ஐந்து வருடம் கழித்து எழுபத்தைந்தாயிரம். வாங்கிய விலை என்ன?

கை தானாகக் கால்வாசியைத் தேடியது. சும்மா இரு, இது கடலையே பார்க்காத மிஷின் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். வாங்கிய விலை x, வருடத்துக்குக் குறைவது y என்று வைத்தேன்.

x − 2y = 1,20,000
x − 5y = 75,000

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்ததும் x காணாமல் போயிற்று. 3y என்பது 45,000. அப்படியானால் y 15,000. இரண்டு வருடத்துக்கு முப்பதாயிரம் குறைந்திருக்கிறது. அதைத் திரும்பச் சேர்த்தால் ஒன்றரை லட்சம். ஐந்து வருடத்துக்கும் போட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக எழுபத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது. எனக்கு அங்கேயே எழுந்து குலவை போடவேண்டும்போல இருந்தது.

பாஸாகிவிட்டேன். கணக்கில்தான் மற்ற பாடங்களைவிட அதிக மதிப்பெண். டியூஷன் பிள்ளைகள் இப்போது என்னிடம் ட்ரீட் கேட்கிறார்கள்.

ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் மார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் படகைக் காட்டிக் கேட்டார்.

"நம்ப எஞ்சினு இப்போ இன்னா வெல போவும், சொல்லு பாப்போம்."

நான் கேட்டேன்: "பரிச்சைக்கா, கடலுக்கா?"