தொரசாணி வீட்டுக் கடல்

ஈரம் ஏறிய பழைய தாளின் நெடிதான் முதலில் வரும். அந்தப் படம் அதன் பிறகே கண்ணில் படும். தேவாலாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மேனேஜர் பங்களாவின் முன்னறையில், எப்போதோ ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அச்சுப்படம் அது. மலைபோல் எழும்பிய கறுத்த அலைகளுக்கு நடுவே இரண்டு பாய்மரக் கப்பல்கள் சாய்ந்திருக்க, முறிந்த மரத்தின் கயிறுகளில் எறும்பளவில் மனிதர்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

இலங்கையிலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பிய மறு வருஷம் அம்மாவுக்கு அந்தப் பங்களாவில் வேலை கிடைத்தது. பள்ளி விட்டதும் நான் சமையலறை வாசலில் காத்திருப்பேன். மேனேஜரின் மனைவி கோயம்புத்தூர்க்காரர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வழக்கப்படி நாங்கள் "தொரசாணி" என்போம். விருந்தாளிகள் வந்தால் அம்மாவை அந்தப் படத்தின் கீழே நிறுத்தி, "இவ சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தவளுங்க. வர்றப்ப பையனப் பறிகொடுத்துட்டா. சொல்லு புள்ள" என்பார்.

நாங்கள் வந்த அன்று கடல் குளத்துத் தண்ணீர்போல் அசையாமல் கிடந்தது. தம்பி செத்தது கரையேறிய பிறகு, திரும்பி வந்தவர்களை வைத்திருந்த கடலோர முகாமில், வயிற்றுப்போக்கில். முதல் முறை அம்மா அதைத்தான் சொன்னாள். விருந்தாளிகள் போனதும் தொரசாணி, "டீ குடிக்கிற எடத்துல பேதின்னு சொல்லலாமா? அலை அடிச்சுட்டுப் போச்சுன்னு சொல்லேன். போனவன் போனவன்தானே?" என்றார்.

அதன் பிறகு விருந்தாளிகள் வரும்போதெல்லாம் தம்பி கடலில் விழுந்து செத்தான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "கை எட்டலீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "எட்டலீங்க" என்றாள் அம்மா. மிச்சமான கேக்கை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள், தின்பேன்.

ஒருநாள் விருந்துக்கு வந்த அம்மாள் ஒருவர் என்னை உள்ளே அழைத்து, "தம்பி விழுந்தத நீ பாத்தியா, பாப்பா?" என்று கேட்டார். அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"அவளக் கேக்காதீங்கம்மா. எம் புள்ள கடல்ல சாகல. மருந்துக்கு வரிசையில நிக்கையில, என் தோள்லயே செத்தான்."

எல்லோரும் தொரசாணியைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "பாத்தீங்களா, இந்த சிலோன்காரங்களுக்கு நாளுக்கொரு கதை."

மறுநாளே அம்மாவைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். பங்களாச் சிரிப்பு லயத்துக்கும் இறங்கிவந்தது. பெற்ற பிள்ளையின் சாவிலேயே பொய் சொன்னவள் என்று அடைமழையில் தேயிலை நிரையில் அவளோடு கொழுந்து பறித்தவர்களே பேசினார்கள். அம்மா தம்பியின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். பங்களாவுக்கு வேறொரு சிலோன்காரி வேலைக்குப் போனாள்.

இப்போது பங்களா இடிந்து கிடக்கிறது. லயத்தின் காம்பிரா அறைகளில் வடக்கேயிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். அம்மா இறந்த பிறகு, முகாமுக்குப் பக்கத்தில் தம்பியைப் புதைத்த மணல்மேட்டைத் தேடிப் போனேன். வரிசையாக வீடுகள் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரம்மா, "யாரத் தேடுறீங்க?" என்று கேட்டார். தம்பியின் பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்.