ஓரம் வெறுமையான அறுபது தாள்கள்

சண்முகசுந்தரம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார் என்று அவர் தம்பி சொந்த ஊர் சித்தூரிலிருந்து அடித்த தந்தி, நான் வகுப்பில் இருந்தபோது வந்தது. படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாடத்தை முடித்தேன். ஏழு வருஷமாக வாயை மூடிப் பழகியவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

தாவரவியல் துறையில் எங்களோடு ஆராய்ச்சி செய்தவர்களே, உங்களுக்கு அவர் ‘குறிப்பைத் தொலைத்த சண்முகம்’. அந்தப் பெயர் என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தான்சானியாவிலிருந்து ஜுமா வந்த புதிதில், விடுதியில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கெல்லாம் ஒரே கூச்சம். சண்முகம் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். “ஏனுங்க, உங்கூர் மலை உச்சியில என்ன புல்லுங்க இருக்குது?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். இரண்டு மலைகளிலும் நெருங்கிய சொந்தமுள்ள புற்கள் இருப்பது அன்று தெரிந்தது. இருவர் ஆராய்ச்சியும் ஒன்றாய்ப் பின்னிக்கொண்டது. ஒரு மாதத்தில் ஜுமா எங்களை “கம்ங்க, சிட்ங்க” என்று கூப்பிட ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

ஜுமாவுக்குப் பதிலாக இங்கிருந்து ஒருவர் அவருடைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருஷம் போகலாம் என்று ஏற்பாடு. சண்முகம்தான் போவதாக இருந்தது. அதற்கு முன் அறுபது மலைப்புற்களை, பறித்த இடம், உயரம், மண் எல்லாம் குறித்து அனுப்ப வேண்டும். நான் மூணாறு எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், வழி தெரியும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். ஈரப் புற்களைச் செய்தித்தாள்களுக்கிடையில் அழுத்தி மறையூருக்கு இறக்கினோம். அங்கே வெல்லம் காய்ச்சும் கொட்டகைச் சூட்டில் அவை நன்றாக உலரும்.

சண்முகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மலையில் நோட்டை எடுக்கவே மாட்டார். புல் கிடக்கும் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதுவார். “நோட்டு நனைஞ்சுக்குமுங்க. தாளு புல்லு கூடவே வந்துரும்” என்பார். கீழே வந்ததும் நிதானமாக உட்கார்ந்து நோட்டில் ஏற்றுவார். நானோ என் செடிகளின் தண்டில் நூலால் எண் கட்டுகிறவன். ஈரத்தாளைத் தினமும் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

மறுநாள் காலை, குறிப்புகளை இன்னும் நோட்டில் ஏற்றாமலே, சண்முகமும் ஜுமாவும் சந்தனக்காட்டுப் பக்கம் போனார்கள். கால் சுளுக்கியதால் நான் கொட்டகையில் தங்கினேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று அறுபதுக்கும் புதுத்தாள் மாற்றினேன். பழையதை என்ன செய்வது என்று கொட்டகைக்காரரைக் கேட்டேன். “ஈரத்தாளு தனியா எரியாது தம்பி, கரும்புச் சக்கையோட சேத்துப் போடுங்க” என்றார். போட்டேன். ஓரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, பாவி.

திரும்பி வந்த சண்முகம் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லா ஓரமும் வெறுமையாக இருந்தது. பிறகு, “உடுங்க முருகையா. தெரிஞ்சா செஞ்சீங்க?” என்றார். ஜுமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேராசிரியரிடம், “குறிப்பு என் கையாலதானுங்க போச்சு” என்றார் சண்முகம். நான் பக்கத்தில் நின்றேன். ‘இல்லை ஐயா, நான்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அந்தப் புற்கள் மறுபடி பூக்க ஒரு வருஷம் ஆகும். அதுவரை யாரும் காத்திருக்கவில்லை. அவற்றுக்குப் பதில் நூலில் எண் கட்டிய என் செடிகளை அனுப்பினார்கள்; அவர் இடம் எனக்குக் கிடைத்தது. ஆமாம், நான்தான் போனேன். பெட்டி கட்டவும் அவர்தான் வந்தார்.

அங்கே, ஊர் திரும்பியிருந்த ஜுமா தன் மலையைக் காட்டினார். நான் அழுதபோது, “சொல்லக்கூடாதுன்னு சண்முகம் சத்தியம் வாங்கிட்டாருங்க” என்றார், அதே ‘ங்க’வோடு. நான் திரும்பி வந்தபோது சண்முகம் ஆராய்ச்சியை விட்டு ஊரோடு போயிருந்தார். ஒரு தடவை பார்க்கப் போனேன். வரப்பில் நின்ற ஒரு புல்லைப் பிடுங்கி, பேர் சொல்லி, என் கையில் கொடுத்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த அறுபது புற்களும் என் அலமாரியில் இருக்கின்றன. “வெச்சுக்கங்க, எடம் ஞாபகம் வந்தா எழுதிக்கலாம்” என்று கொடுத்தவர் அவர். ஏழு வருஷத்தில் ஒரு நாள் எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்திருந்தால் பாதியாவது சொல்லியிருப்பார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து வைக்கவில்லை. இனி எந்தப் புல் எந்த இடத்தில் பறித்தது என்று யாருக்கும் தெரியாது.